மூடி வைத்த மாவு



ஜனவரி மாதத்தில் தில்லியிலோ, சண்டிகரிலோ, லக்னோவிலோ குடியிருக்கிற நம் சகோதரிகளுக்கு ஒரு கவலை உண்டு. அது பெரிய கவலையன்று. ஜெபக்குறிப்பாக எழுதிக்கொடுக்கத் தக்கதுமன்று. ஆயினும் இரவு படுக்கப்போகுமுன் அது மனதில் வந்து நிற்கும். நாளைக் காலையில் மாவு பொங்கியிருக்குமா?

திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருந்தவரைக்கும் இதைப்பற்றி அவர்கள் நினைத்ததே இல்லை. மாலையில் ஆட்டி, உப்புப் போட்டு, கையால் கலந்து மூடி வைத்தால், விடியற்காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கும். இங்கேயோ குளிர்கால இரவில் வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் திறந்து பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அதை ஊற்றி அவித்தால் இட்லி தட்டையாய், கெட்டியாய் வரும். ஆகவே பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுகிறார்கள். அரிசி டிரம்முக்குள் இறக்கி வைக்கிறார்கள். ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மாத்திரம் எரியவிடுகிறார்கள். ஒரு வீட்டில், ரஜாய்க்குள் உறங்குகிற குழந்தையின் பக்கத்தில் மாவுப் பாத்திரமும் படுத்திருந்ததை என் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

மும்பையில் வாசிக்கிறவர்களுக்குக் குளிர் ஒரு பிரச்சினையன்று. ஆனால் தாராவியில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல, ஊர் உறங்குகிற வேளையில் எழுந்து, இட்லி அவித்து, காலையில் சைக்கிளிலே பட்டணமெங்கும் கொண்டுபோய் விற்றுப் பிழைக்கிறார்கள். மாவு சரியாகப் பொங்காத நாள் அவர்களுக்கு வருமானம் குறைந்த நாள். பெங்களூரில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்களுக்கு மாத்திரம் இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் கவலைப்பட்டிருக்கிறார்.

நம்முடைய ஆண்டவர் இந்தக் கவலையை அறிந்தவர். பரலோக ராஜ்யம் எப்படிப்பட்டது என்று ஜனங்களுக்குக் காட்டும்படி அவர் தெரிந்துகொண்ட காரியங்களில் ஒன்று, ஒரு ஸ்திரீ இரவிலே மூடி வைக்கிற மாவைப் போன்றதே.

முதலாவது, நம் பாத்திரத்துக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம். இட்லி மாவுக்கு நாம் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. புளிக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடேயே வந்துவிடுகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு லியூகோனாஸ்டாக் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கிறார்கள். உளுந்து காய்ந்து கிடக்கும்வரை அவை வேலை செய்வதில்லை. ஊறவைத்து, அரைத்து, ஏறக்குறைய முப்பது டிகிரி சூட்டில் எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவைத்தால் அவை பெருகி, மாவுக்குள் வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் பசை அந்த வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்ளுகிறது. அதனால் மாவு எழும்புகிறது. இத்தனையும் சத்தமில்லாமல், இருட்டில், வீட்டார் யாவரும் நித்திரையாயிருக்கும்போது நடக்கிறது. ஆட்டினவளுக்கும் அதில் பங்கில்லை. அவள் செய்யவேண்டியதைச் செய்தாள், மூடினாள், படுத்துக்கொண்டாள்.

இப்பொழுது மத்தேயு 13-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஆண்டவர் படவில் உட்கார்ந்து, கரையில் நின்ற ஜனங்களுக்கு உவமைகளைச் சொல்லுகிறார். கடுகு விதையை நிலத்தில் விதைத்த ஒரு மனுஷனைப்பற்றிச் சொன்னவுடனே, புளித்த மாவை எடுத்த ஒரு ஸ்திரீயைப்பற்றிச் சொல்லுகிறார் (மத். 13:33, லூக். 13:20, 21). வயலில் வேலை செய்கிறவனுக்கு ஓர் உவமை. அடுப்பங்கரையில் வேலை செய்கிறவளுக்கு ஓர் உவமை. கரையிலே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மார் இதைக் கேட்டபோது ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்திருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு. வேதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. இது என் எண்ணம் மாத்திரமே.

அக்காலத்து ஸ்திரீகளும் கடையில் ஈஸ்ட் வாங்கினவர்களல்ல. முந்தின நாள் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து வைத்து, மறுநாள் புது மாவோடு சேர்ப்பார்கள். அந்த உருண்டை புது மாவு முழுவதையும் தன்னைப்போல் ஆக்கிவிடும். உவமையின் ஸ்திரீ அதை மாவுக்குள்ளே அடக்கி வைத்தாள் என்று நம் தமிழ் வேதாகமம் சொல்லுகிறது. மூலமொழியான கிரேக்கில் அந்தச் சொல்லுக்கு மறைத்து வைத்தல் என்றே அர்த்தம். மறைத்து வைத்தபின் அவள் வேறொன்றும் செய்ததாக ஆண்டவர் சொல்லவில்லை.

அளவையும் கவனியுங்கள். தமிழில் மூன்று படி என்று வாசிக்கும்போது, ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சாப்பாடு என்று நினைத்துவிடுகிறோம். அங்கே சொல்லப்பட்ட அளவு மூன்று சேயா. ஏறக்குறைய நாற்பது லிட்டர் மாவு. நூறு பேர் உண்ணும் அப்பத்துக்கு அது போதும். ஒரு சாதாரண வீட்டுக்காரி எதற்காக இவ்வளவு மாவைப் பிசைகிறாள்? ஆதியாகமம் 18-ம் அதிகாரத்தில், மம்ரேயின் சமபூமியிலே தன்னிடம் வந்த மூன்று புருஷருக்காக ஆபிரகாம் சாராளிடம் பிசையச் சொன்னதும் இதே மூன்று சேயா மாவே (ஆதி. 18:6). அன்றைக்குத்தான் சாராளுக்கு ஒரு குமாரன் பிறப்பான் என்கிற வாக்கு உரைக்கப்பட்டது. கூடாரவாசலிலே நின்று கேட்டவள் தன் உள்ளத்திலே நகைத்தாள். தொண்ணூறு வயதை எட்டுகிறவளின் கர்ப்பத்தில் என்ன நடக்கக்கூடும்? ஆயினும் தேவன் தம்முடைய வேலையைத் தொடங்கிவிட்டார். வேதத்தை நன்றாய் அறிந்திருந்த யூத ஸ்திரீகள் மூன்று சேயா என்று கேட்டவுடனே சாராளை நினைத்திருக்கக்கூடும்.

இந்த இடத்தில் நம் சபையார் பலருக்கு ஒரு தடை எழும்பும் என்று அறிவேன். “பாஸ்டர், வேதத்தில் புளிப்பு என்றால் பாவமல்லவா? பஸ்காவுக்கு முன்னே வீட்டில் புளிப்பு இருக்கலாகாதே? பரிசேயருடைய புளித்தமாவைக்குறித்து ஆண்டவரே எச்சரித்தாரே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பஸ்காவிலே புளிப்பு விலக்கப்பட்டது (யாத். 12). பரிசேயர் சதுசேயருடைய போதனையையும், மாய்மாலத்தையும் ஆண்டவர் புளிப்பு என்றார் (மத். 16:12, லூக். 12:1). கொரிந்து சபையில் சகித்துக்கொள்ளப்பட்ட பாவத்தைப் பவுல் அப்படியே அழைத்தார் (1 கொரி. 5). 1909-ல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகளும் புளிப்பு எங்கும் தீமையையே குறிக்கும் என்று போதித்தன. அந்தக் குறிப்புகளை வாசித்து வளர்ந்த போதகர்கள் நம் நடுவில் அநேகர். அவர்கள் இந்த உவமையை, சபைக்குள் கள்ளப்போதனை நுழைந்து பரவுவதைப்பற்றிய எச்சரிப்பாக விளக்குவார்கள்.

அவர்களை நான் கனம்பண்ணுகிறேன். ஆனாலும் இந்த விளக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பரலோக ராஜ்யம் இதற்கு ஒப்பாயிருக்கிறது என்று ஆண்டவர் வாய்திறந்து சொல்லியிருக்க, அதைத் தீமைக்கு ஒப்பாக்க நமக்கு அதிகாரம் யார் கொடுத்தது? வேதத்தில் ஓர் அடையாளம் ஒரே அர்த்தத்தில் பூட்டி வைக்கப்பட்டதன்று. கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசுக்கு ஒப்பு. யூதா கோத்திரத்துச் சிங்கமோ நம் ஆண்டவர். ஏதேனில் வஞ்சித்தது சர்ப்பம். வனாந்தரத்தில் கம்பத்தின்மேல் உயர்த்தப்பட்ட சர்ப்பமோ சிலுவைக்கு நிழல்.

இதைப் பார்க்கிலும் வலுவான சாட்சி லேவியராகமம் 23-ம் அதிகாரத்தில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே என்னும் பெயரைத் தரித்திருக்கிற நாம் இதை அறியாதிருப்பது ஆச்சரியம். முதற்கதிர்க் கட்டு அசைவாட்டப்பட்ட நாள் தொடங்கி ஐம்பதாம் நாளிலே, அதாவது பெந்தெகொஸ்தே நாளிலே, இஸ்ரவேலர் கர்த்தருடைய சந்நிதியில் இரண்டு அப்பங்களைக் கொண்டுவரவேண்டும். அவை புளிப்பாகச் சுடப்பட்டவைகளாயிருக்கவேண்டும் என்பது கட்டளை (லேவி. 23:17). பஸ்காவில் விலக்கப்பட்ட அதே புளிப்பு, பெந்தெகொஸ்தேயில் கட்டளையிடப்பட்டிருக்கிறது! பலிபீடத்தின் அக்கினியில் அதைத் தகனிக்கலாகாது என்கிற வரம்பு உண்டு (லேவி. 2:11, 12). ஆகிலும் அது அசைவாட்டப்பட்டது; கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருந்தது. அந்தப் புளிப்பும் சபைக்குள் மீந்திருக்கிற பாவத்தின் அடையாளமே என்று சிலர் விளக்கம் சொல்லுவார்கள். எனக்கோ அந்த வசனத்திலேயே எளிமையான விளக்கம் கிடைக்கிறது. அந்த அப்பங்களை அவர்கள் தங்கள் வாசஸ்தலங்களிலிருந்து கொண்டுவரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. வீட்டில் அன்றாடம் உண்கிற அப்பம் அது.

புளிப்பில்லாத அப்பம் அவசரத்தின் அப்பம். எகிப்திலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை (யாத். 12:39). புளித்த அப்பமோ ஓரிடத்தில் குடியிருக்கிறவர்களின் அப்பம். இரவு முழுவதும் ஒரே கூரையின்கீழ் தங்குகிறவனால்தான் மாவைப் புளிக்க வைக்கமுடியும். இதை நான் விளக்கவேண்டிய அவசியமில்லை, நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம்பண்ணி வந்திறங்கியபோது உங்கள் கையில் இருந்தது கட்டுச்சோறு. பின்பு ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. கடையில் வாங்கிய ரொட்டியால் பசியாறினீர்கள். என்றைக்கு ஒரு கிரைண்டரோ மிக்ஸியோ வாங்கி, உளுந்து ஊறப்போட்டு, முதல் மாவை மூடி வைத்தீர்களோ, அன்றைக்குத்தான் அந்நிய பட்டணத்தில் உங்களுக்கு ஒரு வீடு உண்டாயிற்று. பஸ்காவின் தேவன் வழியில் உண்ட அப்பத்தை நினைவுகூரச் சொன்னார். பெந்தெகொஸ்தேயின் தேவன் வீட்டில் உண்கிற அப்பத்தைத் தம்முடைய சந்நிதிக்குக் கொண்டுவரச் சொன்னார். நாளைக் காலையில் சாப்பாட்டின்மேல் ஸ்தோத்திரம் செலுத்தும்போது, ஆறிப்போகிறதே என்று அவசரப்படாமல் இதைச் சற்று நினையுங்கள்.

பிரியமானவர்களே, அக்கினியைப்பற்றி நாம் அதிகம் பாடுகிறோம், அதிகம் பிரசங்கிக்கிறோம். அதில் தவறில்லை, மேல்வீட்டறையில் இறங்கினது அக்கினிமயமான நாவுகளே. ஆனால் அக்கினியை மாத்திரம் அறிந்தவர்கள் ஒரு காரியத்தில் தடுமாறிப்போகிறார்கள். உடனே நடவாததை, நடவாததென்றே தீர்த்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி உண்டு. பதினொரு வருஷமாகக் கணவருடைய இரட்சிப்புக்காக ஜெபித்து வருகிறாள். அவர் நல்ல மனுஷன். குடிப்பதில்லை, சண்டை போடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை வாசல்வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். உபவாச ஜெபத்துக்கு வந்த ஒருவர், “உன் விசுவாசத்தில் குறைவிருக்கிறது, அதனாலேதான் தாமதம்” என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்து, “பாஸ்டர், இன்னும் எத்தனை நாள் உபவாசமிருந்தால் என் விசுவாசம் நிறைவாகும்?” என்று கேட்டாள். அழவில்லை. கணக்குக் கேட்கிறவளைப்போலக் கேட்டாள். அதுதான் எனக்கு வருத்தமாயிருந்தது.

“அம்மா, குளிர்நாளில் மாவு பொங்கவில்லையென்றால், உளுந்தில் உயிரில்லை என்று கொட்டிவிடுவாயா?” என்று கேட்டேன்.

“இல்லை பாஸ்டர், இன்னும் கொஞ்சம் சூடான இடத்தில் வைப்பேன்.”

“மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாயா?”

“பார்த்தால் இருக்கிற சூடும் போய்விடுமே.”

அதற்குமேல் நான் போதிக்கவேண்டியிருக்கவில்லை. வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர், மனைவியின் நடக்கையினாலே, போதனையின்றியே ஆதாயப்படுத்தப்படலாம் என்று பேதுரு எழுதியிருப்பதை (1 பேதுரு 3:1, 2) அவளோடு சேர்ந்து வாசித்தேன், ஜெபித்தோம். அந்த மனுஷன் இன்னும் சபைக்குள் வரவில்லை. வந்துவிட்டார் என்று எழுதினால் இந்தப் பக்கம் அழகாக முடியும், உண்மை அப்படியில்லை. ஆனால் அவள் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். மனைவியை அடிக்கிற கணவனோடு பொறுமையாயிரு என்று சொல்ல இந்த உவமையை எந்தப் போதகரும், எந்த மாமியாரும் எடுக்கவேண்டாம். அடி வாங்குகிற சகோதரி அந்த வீட்டைவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு வரவேண்டும். சபை அவளுக்குத் துணைநிற்கவேண்டும். சட்டத்தின் உதவியையும் அவள் நாடலாம். புளிக்கிற மாவு ஒன்று, கெட்டுப்போகிற மாவு ஒன்று. வித்தியாசத்தை அறியாத ஸ்திரீ ஒருத்தியும் இல்லை.

அக்கினியும் மாவும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நான் சொல்லுகிறதாக எவரும் எண்ணவேண்டாம். மகாராஷ்டிரத்தில் இருக்கிறவர்கள், புனேக்கு அருகிலுள்ள கேட்காவ் என்னும் ஊரை அறிந்திருப்பீர்கள். பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் அங்கே இருக்கிறது. 1905-ம் ஆண்டு அங்கே ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசூசா தெரு எழுப்புதல் 1906-ல் நடந்தது. முக்தி அதற்கு முந்தினது என்பதை நம் வாலிபருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஆனால் அந்த 1905-க்குப் பின்னால் என்ன இருந்தது? 1889-ல் அம்மையார் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். 1896-97 பஞ்சகாலத்தில் மத்திய மாகாணத்திலிருந்து பட்டினியால் மெலிந்துபோன விதவைகளையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்துவந்தார். அவர்களுக்குச் சமைத்துப்போட்டு, வாசிக்கக் கற்பித்து, கைத்தொழில் பழக்கி வளர்த்தார். அத்தனை வருஷம் அங்கே பிசைந்த மாவுக்கும் சுட்ட ரொட்டிக்கும் கணக்கேது? அந்தப் பெண்கள்மேல்தான் ஆவியானவர் இறங்கினார். எழுப்புதலைப்பற்றி எழுதுகிறவர்கள் 1905-லிருந்து தொடங்குகிறார்கள். எனக்கோ, பஞ்சத்திலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு முதல்முறை வயிறு நிறைந்த நாளிலிருந்து தொடங்கவேண்டும் என்று தோன்றுகிறது.

கடைசியாக, வடதேசத்துக் குடும்பங்களுக்கு ஒரு காரியம். எவ்வளவு சுற்றி வைத்தாலும் மாவு பொங்காத கடுங்குளிரில் அனுபவமுள்ள சகோதரிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஏற்கெனவே புளித்திருக்கிற பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலக்கிறார்கள். ஆண்டவருடைய உவமையில் வருகிற ஸ்திரீ செய்தது இதுவே. எங்கள் சபையில் மூத்த சகோதரி ஒருத்தி, குளிர்காலம் முழுவதும் இதற்கென்றே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பாத்திரம் புளித்த மாவை வைத்திருப்பாள். ஊரிலிருந்து புதிதாய்க் கலியாணமாகி வந்த பெண்பிள்ளைகள், எந்த மதத்தாரானாலும், அந்தக் காலனியில் மாவுக்காக அவள் கதவைத் தட்டுவார்கள். சபைக்கு வா என்று அவள் அழைப்பதில்லை, கைப்பிரதியும் கொடுப்பதில்லை. சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு கரண்டி மாவைக் கொடுத்து, “கிண்ணத்தை மாத்திரம் நீயே வந்து திருப்பிக் கொடுத்துவிடு, பிள்ளை” என்பாள். கிண்ணத்தோடு வருகிறவர்கள் சிலர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கிறார்கள். தாயைப் பிரிந்து வந்த துக்கத்தைச் சிலர் சொல்லுகிறார்கள். சென்ற குளிர்காலத்தில் அவளிடம் ஆறு கிண்ணங்கள் இருந்தன. இவ்வருஷம் இன்னும் நான்கு வாங்கியிருக்கிறாள்.